உப்புப் போட்ட புழு

டீ நன்றாக இருந்தது, சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். என் வயதுக்காரனுக்கு இவ்வளவு சர்க்கரை போட்டுக் கொடுப்பதே ஒரு வழக்குக்குத் தேறும். பரவாயில்லை, நான் புகார் கொடுக்க வரவில்லை. நீங்கள் மூடி வைத்த ஒன்றைத் திறக்கச் சொல்ல வந்தேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். என் மாப்பிள்ளை ஏரியில் மூழ்கி இறந்த அன்று வீட்டுக்கு வந்தீர்கள். பின்பக்கக் கொட்டகையில் கண்ணாடிப் பலகைமேல் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்து, "என்ன பெரியவரே, மிட்டாயா?" என்று கேட்டீர்கள். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்று நான் சும்மா இருந்துவிட்டேன். அது மிட்டாய் இல்லை, ரப்பர் புழு. தூண்டில் முள்ளில் மண்புழுவுக்குப் பதிலாக மாட்டுகிற போலிப் புழு. வேலையில் இருந்த காலமெல்லாம் வாளிக்கும் பாட்டில் மூடிக்கும் அச்சு செதுக்கினேன். ஓய்வு பெற்ற பிறகு புழுவுக்கு இறங்கிவிட்டேன். தெருவில் எனக்குப் புழுத்தாத்தா என்று பெயர். என் தலை மறைந்ததும் புளுகுத்தாத்தா என்பார்கள், அதுவும் தெரியும். என் புழுவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏரியிலிருந்து திரும்பியபோது ஒரு கெளுத்தி என் பின்னாலேயே வீட்டு வாசல்வரை வந்தது என்று எப்போதோ சொன்னேன். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. வாசல்வரை வரவில்லை சார். முக்குக் கடைவரைதான்.

இன்று சொல்லப்போவதில் அளப்பு கிடையாது. அதை எப்படி நம்பவைப்பது என்றுதான் வரும் வழியெல்லாம் யோசித்தேன். தொழிலிலிருந்து ஆரம்பித்தால் நம்புவீர்கள் என்று தோன்றியது.

பால் மாதிரி ஒரு திரவம் கிடைக்கிறது. அதைச் சூடாக்கினால் முதலில் கூழாகும், பிறகு கண்ணாடி போலத் தெளியும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் காய்ச்ச வேண்டும். தீய்ந்தால் கண்ணையும் தொண்டையையும் ஒருங்கே பிடித்துக்கொள்ளும். தெளிந்ததும் சாயம், ஜிகினாத்தூள், மீனை இழுக்க நாலு சொட்டுச் சோம்பு எண்ணெய். புழு தண்ணீரில் அடிவரை இறங்க வேண்டும் என்றால் மாவாக அரைத்த உப்பு. உப்பில்லாத புழு மூழ்குவதா மிதப்பதா என்று யோசித்துக்கொண்டு நிற்கும். உப்புப் போட்டது யோசிக்காது.

அச்சில் ஊற்றி எடுப்பதற்குச் சுவரொட்டிப் பசை காய்ச்சத் தெரிந்தால் போதும். ஆறவைப்பதுதான் வேலை. அச்சிலிருந்து வந்த புழு பார்வைக்குக் கெட்டியாக இருக்கும், உள்ளுக்குள் இன்னும் ஒரு முடிவுக்கு வந்திருக்காது. கண்ணாடிமேல் நேராகப் படுக்கவைத்து ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும். அந்த ஒரு நாள் எப்படிக் கிடந்ததோ அப்படித்தான் ஆயுசுக்கும். வால் மடங்கிக் கிடந்தால் மடங்கிய வால். யாராவது விரல் வைத்தால் விரல்குழி.

பிறகு பத்திரப்படுத்துவது. கறுப்பையும் வெள்ளையையும் ஒரே பையில் போட்டால் கறுப்பு வெள்ளைக்குள் இறங்கிவிடும். கெட்டிப் பிளாஸ்டிக்கோடு வைக்கவே கூடாது. புழுவை மெத்தென்று வைத்திருப்பது அதற்குள் இருக்கும் ஓர் எண்ணெய். இருக்கிற இடத்தில் இருக்கத் தெரியாத சாமான் அது. கசிந்து, பக்கத்தில் இருப்பதற்குள் புகுந்து, அதையும் இளக்கிவிடும். மட்டமான பிளாஸ்டிக் டப்பா என்றால் அடிப்பாகம் பிசின் மாதிரி ஆகும். தெர்மோகோல் என்றால் கேட்கவே வேண்டாம், தின்றே தீர்த்துவிடும். ஒருமுறை மீன் பெட்டியின் தெர்மோகோல் மூடிமேல் ஒரு பிடி புழுவை வைத்து மறந்துவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் மூடியில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே புழு, ஒன்றும் தெரியாதது போல.

எனக்கு ஒரே மகள். அவளுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே என் வீட்டுக்காரி போய்விட்டாள். நான்தான் தலை வாரினேன், பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றேன். சுற்றுலா, முகாம் எதற்கும் அனுப்பியதில்லை. வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று எனக்கு நெஞ்சு வலி வந்தது. வலி உண்மைதான் சார். மருத்துவர்தான் ஒன்றுமில்லை என்றார். அவள் உள்ளூரிலேயே படித்தாள். பிறகு கல்யாணம். கட்டிக்கொடுத்தேன் என்று சொல்வேனே தவிர அனுப்பிக்கொடுத்தேன் என்று சொல்லமாட்டேன். வீட்டோடு இருக்கச் சம்மதிக்கிற பையனாகத் தேடித்தான் பிடித்தேன். லிஃப்ட் மெக்கானிக். மேலே போய்க் கீழே வருகிற தொழில், பக்கவாட்டில் எங்கும் போய்விட மாட்டார் என்று நினைத்தேன்.

நல்ல மனுஷன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பொறுமைதான் கிடையாது. வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் கொட்டகைக்குள் நுழைந்து, வரிசையின் முதல் புழுமேல் கட்டைவிரலை வைத்து அழுத்துவார்.

"ஆறிடுச்சா மாமா?"

"விரலை எடுங்க மாப்பிள்ளை. குழி விழுந்துடும்."

"விழட்டுமே. கடிக்க வசதியா பிடி வெச்சுக் குடுத்திருக்காங்கன்னு மீன் சந்தோஷப்படும்."

"புழுவுக்காக மாமனும் மருமகனும் அடிச்சுக்கற வீடு ஒலகத்துலயே இது ஒண்ணுதான்," என்று சமையலறை ஜன்னலிலிருந்து என் மகள் கத்துவாள். "ரெண்டு பேரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. இல்லேன்னா சோறு கெடையாது."

ஒருநாள் அவர் தன்னுடைய ஆசைப் பொருளை, கடையில் வாங்கிய கெட்டிப் பிளாஸ்டிக் மீன் ஒன்றை, என் புழுக்களோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பு. ஒரு வாரம் கழித்துத் திறந்தால் மீனின் வயிறு கரைந்து புழுக்களோடு ஒட்டிப்போயிருந்தது. சாவு வீட்டு முகத்தோடு கொண்டுவந்து நீட்டினார்.

"மாமா, என் மீனை உங்க புழு தின்னுடுச்சு."

"நல்லாப் பாத்துக்குங்க மாப்பிள்ளை. ஒலகத்துல இதான் மொத தடவை."

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. அன்றைக்கு அந்த எண்ணெயைப் பற்றியும் தெர்மோகோலைப் பற்றியும் விளக்கமாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். ஆகவே அவருக்குத் தெரியாத ஒன்றை வைத்து நான் எதுவும் செய்ததாகச் சொல்ல முடியாது.

சாப்பாட்டு மேசையில்தான் விஷயத்தை உடைத்தார். தூரத்து ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, பெரிய நிறுவனம், நாற்பது மாடிக் கட்டடங்கள். அடுத்த மாதம் கிளம்ப வேண்டும்.

"நீங்களும்தான் வர்றீங்க மாமா. உங்களுக்குன்னு ஒரு ரூம் பாத்தாச்சு. ஜன்னல் பெரிசு. காய்ச்சற புகை எல்லாம் போயிடும்."

"அங்க ஏரி இருக்கா மாப்பிள்ளை?"

"கடலே இருக்கு மாமா."

நான் மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. குழந்தையாக இருந்தபோதுகூட அந்த வெளிச்சத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. இத்தனை வருடம் இந்த வீட்டில் வராத ஒன்று இப்போது வருகிறது என்றால் அது ஏதோ கோளாறாகத்தான் இருக்க வேண்டும். "சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. "லிஃப்டுக்குள்ள நீச்சல் எதுக்கு மாமா?" என்பார். படகில் ஏறும்போது மிதவைச் சட்டை போட்டுக்கொள்வார். ஆரஞ்சுத் துணி, மார்பிலும் முதுகிலும் தெர்மோகோல் பலகைகள். பழைய சட்டை, நானே தைத்தது. ஒரு தையல் விட்டிருந்தது. சரிசெய்து தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தத் தையல் விட்டது தற்செயல்தான். நான் பிரித்ததெல்லாம் மற்ற தையல்களைத்தான்.

அச்சிலிருந்து எடுத்த சூடு தணியாத புழுக்களை, எண்ணெய் மினுமினுப்போடு, தெர்மோகோலை ஒட்டி அடுக்கினேன். எல்லாமே உப்புப் போட்டவை. கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்தேன். வெயில் காலம், நல்ல வெக்கை. தினமும் போய்த் தொட்டுப் பார்ப்பேன். பல் விழுந்த ஈறு மாதிரி தெர்மோகோல் உள்வாங்கிக்கொண்டே போனது. காலியான இடத்தில் இன்னும் கொஞ்சம் புழு வைத்தேன். கடைசியில் உள்ளே பலகை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெளியிலிருந்து தட்டிப் பார்த்தால் முன்னைவிட மெத்தென்று இருந்தது. தையலை மூடி, பட்டையைக்கூடப் புதிதாக மாற்றினேன். அரைகுறையாக ஒரு வேலையைக் கொடுக்க எனக்கு வராது.

யோசித்துப் பாருங்கள். ஒரு பொருளை இன்னொரு பொருளின் பக்கத்தில் வைத்தேன். பிறகு நடந்தது அவை இரண்டுக்கும் நடுவில் நடந்தது.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலையில் என் மகள்தான் அவருக்குப் பட்டையைக் கட்டிவிட்டாள்.

"என்ன மாமா, சட்டை கனக்குது?"

"சட்டை அதேதான். நீங்கதான் இளைச்சிட்டீங்க."

"உங்க பொண்ணு சமையல் அப்படி."

அவள் அவர் காதைத் திருகினாள். "அப்பா, பத்திரமா கூட்டிட்டு வாங்க. இவர் ஒரு எடத்துல ஒக்காரமாட்டார்."

"நான் பாத்துக்கறேன் கண்ணு."

"சோம்பு வாசனை வேற தூக்குது," என்றார் அவர், சட்டையை முகர்ந்து.

"என் கொட்டகையில சோம்பு வாசனை இல்லாம என்ன இருக்கு மாப்பிள்ளை?"

ஏரி நடுவில் பட்டுப்போன மரங்கள் தலை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் படகை நிறுத்தினோம். பெரிய மீன் அங்கேதான். அவருக்குத்தான் முதலில் மாட்டியது. எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்கள் என்று சொன்னேன். உரக்கச் சொன்னால் மீன் கலைந்துவிடும் என்று மெதுவாகத்தான் சொன்னேன். வலையை எடுக்க நானும் எழுந்தேன். சின்னப் படகில் இரண்டு பேர் ஒரே பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அவர் பக்கமாகத்தான் எழுந்தேன்.

விழுந்தவர் உடனே தலையை வெளியே எடுத்தார். கையைக் காலை அடித்துக்கொண்டிருந்தார், ஆனால் முகத்தில் சிரிப்பு. என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, என்னைப் பார்த்து, "பயப்படாதீங்க மாமா, சட்டை இருக்கு," என்றார்.

நான் எத்தனையோ கதை அளந்திருக்கிறேன் சார். மூழ்குகிறவன் படகில் இருக்கிறவனுக்குத் தைரியம் சொன்னதாக ஒரு கதை எனக்கு வாய்த்ததில்லை.

பிறகு சட்டையைப் பார்த்தார். இரண்டு கையாலும் மார்பைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். ஆறிடுச்சா என்று பார்ப்பாரே, அதே மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்தது அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். தண்ணீர்மேல் சோம்பு வாசனை வந்தது. துடுப்பு என் கையில் இருந்தது. நீட்டினேன், எட்டவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். நீட்டியிருந்தால் எட்டியிருக்கும்.

சட்டை உங்கள் வைப்பறையில்தான் கிடக்கிறது. "பழைய சட்டை, தண்ணி குடிச்சுக் கனத்துப் போச்சு," என்று உங்கள் காவலர் மூட்டை கட்டி உள்ளே போட்டதைப் பார்த்தேன். தையலைப் பிரியுங்கள். உள்ளே இருக்கும் புழுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகியிருக்கும். அதில் எனக்கு வருத்தம்தான்.

காரியம் எல்லாம் முடிந்தது. மகள் வீட்டில் இருந்தாள். அவள் அறையில், கட்டிலில், நேராகப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்று பார்ப்பேன், பேச்சுக் கொடுக்கமாட்டேன். ஆறட்டும் என்று விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் குழி விழ ஆரம்பித்தது. சாயங்காலம் புழு ஊற்றிக் கண்ணாடிமேல் படுக்கவைத்துவிட்டு வருவேன். காலையில் பார்த்தால் வரிசையின் முதல் புழுவின் முதுகில் ஒரு கட்டைவிரல் குழி. எலி என்று பார்த்தால் எலிக்குக் கட்டைவிரல் கிடையாது. கொட்டகையைப் பூட்டினேன். பூட்டியபடியே இருந்தது, குழியும் இருந்தது. பூட்டை மாற்றினேன். பிறகு கண்ணாடிப் பலகையை என் அறைக்கே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்குக் குழி வழக்கத்தைவிட ஆழம். சோம்பு எண்ணெய் போடுவதை நிறுத்தினேன், வாசனை நிற்கவில்லை. குழி விழுந்த புழுவை உருக்கித் திரும்ப ஊற்றினால் அது முதல் இடத்தில் இல்லாவிட்டாலும் அதில்தான் குழி விழும். தெரு ஆட்களிடம் சொன்னேன். "தாத்தா ஃபார்முக்கு வந்துட்டார்," என்று சந்தோஷப்பட்டார்கள்.

பேய் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்த மாதிரி நம்பிக்கை கிடையாது. பலகையைத் திரும்பக் கொட்டகைக்கே எடுத்துப் போய்விட்டேன், அவ்வளவுதான்.

முந்தாநாள் விடியும் நேரம். கண் விழித்தபோது நான் கட்டிலில் இல்லை. கொட்டகையில், கண்ணாடிப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பூட்டின் சாவி இடது கையில். வாசலில் என் மகள்.

"நீ எப்ப வந்தே கண்ணு?"

"தெனமும் வர்றேன்ப்பா. நீங்க எழுந்து நடக்கறீங்க. எங்கயாவது விழுந்துடப் போறீங்கன்னு பின்னாடியே வர்றேன்."

"நானா?"

அவள் என் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்தாள். அச்சில் ஊற்றினது போல உட்கார்ந்தது.

"ஆம்பளைங்க கட்டைவிரல் எல்லாம் ஒரே அளவுதாம்மா," என்றேன்.

"அவர் மாதிரியே கேக்கறீங்கப்பா. 'ஆறிடுச்சா மாமா'ன்னு. அவர் கொரல்லயே." அவள் குரல் நடுங்கவில்லை. "அதைக் கேக்கறதுக்காகவே மொதல்ல ரெண்டு மூணு நாள் உங்களை எழுப்பாம நின்னேன்."

நான் விரலைக் குழியிலிருந்து எடுத்தேன்.

"அப்புறம் இன்னொண்ணு சொல்றீங்க. 'பயப்படாதீங்க மாமா, சட்டை இருக்கு.' தெனமும் அதைச் சொல்லிட்டுத்தான் திரும்பி வந்து படுக்கறீங்க. அவர் அப்படிச் சொன்னாராப்பா?"

"கனவுல ஏதாவது..."

"விழுந்ததும் ஒரு வார்த்தைகூடப் பேசாமப் போயிட்டார்னு என்கிட்ட சொன்னீங்க."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. குனிந்து வரிசையிலிருந்து ஒரு புழுவை எடுத்தாள். விரலில் பட்ட எண்ணெயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டுப் போய்ப் பெட்டியை இறக்கினாள்.

நான் ஏன் இப்படி மேசையை அழுத்திக்கொண்டே இருக்கிறேன் என்று பார்க்கிறீர்களா? கவனிக்கவில்லை, மன்னியுங்கள். கையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

தூரத்து ஊருக்குத்தான் போகிறாள். அங்கே தனக்கென்று ஒரு வேலை பிடித்துவிட்டாள். இன்று சாயங்கால வண்டி. நேற்று முழுக்கக் கெஞ்சினேன். "நான் தனியா என்ன பண்ணுவேன் கண்ணு?" என்று கேட்டேன். நெஞ்சில் கை வைத்துக்கூடக் கேட்டேன். துணியை மடித்துக்கொண்டே, "நீங்க எதையும் தொடாம இருந்தாலே போதும்ப்பா," என்றாள். போலீசுக்குப் போகிறேன் என்றோ, முகத்தில் விழிக்காதீர்கள் என்றோ சொல்லவில்லை. கோபம் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். என் மகள் என்மேல் கோபப்படமாட்டாள்.

காலையில் எழுந்ததும் இங்கே வந்துவிட்டேன். ஏன் இப்போது என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், வழக்கமாக அப்படித்தானே எழுதுவீர்கள். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். தெரிந்துதான் செய்தேன், தனியாகத்தான் செய்தேன், துடுப்பை வேண்டுமென்றேதான் நீட்டவில்லை. எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அன்று அவருக்குப் பட்டையைக் கட்டிவிட்டது அவள். விடியற்காலையில் நான் பேசியதைக் கேட்டவளும் அவள் ஒருத்திதான். அப்படியானால் முக்கிய சாட்சி அவள்தானே? வழக்கு முடிகிறவரை சாட்சியை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லிவைப்பீர்கள் இல்லையா? இந்த மாதிரி வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இப்போதே ஆளை அனுப்பினால் வீட்டிலேயே பிடித்துவிடலாம். அதட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள், பயந்த சுபாவம். அப்பாதான் அனுப்பினார் என்று சொன்னால் புரிந்துகொள்வாள்.

எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரிதான் சார். ஜெயில் மட்டும் இந்த ஊர் ஜெயிலாகப் பாருங்கள், அவள் தினமும் வந்து போக வசதியாக இருக்கும்.